கிராக்கோவுக்கு மூன்று ஓட்டு

அநியாயம் நடந்தது இரண்டு பேருக்கு. ஒன்று எனக்கு. இன்னொன்று தோருன் என்கிற ஊருக்கு, விஸ்துலா ஆற்றங்கரையில் யார் வம்புக்கும் போகாமல் பல நூறு வருஷமாகச் செங்கல் செங்கலாக நின்றுகொண்டிருக்கிற ஊருக்கு. மூன்றுக்கு ஒன்று என்று ஓட்டு விழுந்து அதைப் பயணத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். தூக்கியதுகூடப் பரவாயில்லை, தோற்றால் தோற்றதுதான், ஆனால் அந்த மூன்று ஓட்டில் ஒன்று எங்கம்மாவுடையது. அம்மா இந்தப் பயணத்துக்கு வரவே இல்லை. அம்மா கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார். கோபியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, தோருனைத் தள்ளிவிட்டுக் கிராக்கோவில் எச்சா இன்னொரு நாள் தங்கலாம் என்று ஓட்டுப்போட அம்மாவிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இரண்டு ஊர்க் கோபுரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாரா? வராத ஆளை ‘போலந்து டூர்’ குரூப்பில் சேர்த்தது யார், எதற்கு? கேட்டேன். கேட்காமல் விடுகிற ஜென்மமா நான். “சும்மா போட்டோ பாக்கறதுக்குப் புள்ள, அவங்களுக்கும் ஆசை இருக்காதா?” என்று அக்கா எழுதினாள், பக்கத்தில் ஒரு சிரிப்பு மூஞ்சி. பயணமே இன்னும் தொடங்கவில்லை, போட்டோ எங்கிருந்து வரும்? வார்சாவில் என் மாணவர் விடுதியின் நிலவறையில், சலவை மெஷினுக்கு எதிரே, கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே அறைக்குப் போய்ப் படிக்கலாம். போகமாட்டேன். போன சனிக்கிழமை போனேன், திரும்பி வந்து பார்த்தால் என் ஈரத்துணி மொத்தமும் மேசைமேல் குவிந்து கிடந்தது, எவரோ தன் துணியைப் போட்டுச் சுற்றவிட்டிருந்தார்கள். அதிலிருந்து காவல். இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவள் நான். “நீதான வார்சாவுல குப்ப கொட்டற, நீயே போடு” என்று அக்காதான் சொன்னாள். போட்டேன். வார்சா, தோருன், குதான்ஸ்க், கடைசியாகக் கிராக்கோவ். எந்த ரயில் நிலையத்தில் தள்ளுவண்டிக்கு லிஃப்ட் இருக்கிறது, எந்தப் பெட்டியில் குழந்தைக்குத் துணி மாற்ற இடம் இருக்கிறது, எல்லாம் விசாரித்தேன். அக்கா பெர்லினில்தான் இருக்கிறாள், காலையில் ரயிலேறினால் மத்தியானம் இங்கே வந்துவிடலாம், ஆனால் என் குடியிருப்பு அட்டை இன்னும் வராததால் நான் எல்லை தாண்ட முடியாது, அவள்தான் வர வேண்டும். அவள் குழந்தை நிலனை நான் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். தோருனில் ஒரு சாய்ந்த கோபுரம் உண்டு. அதன் சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டிவைத்து, கையை முன்னால் நீட்டி நிற்க வேண்டும். மனசில் கள்ளம் உள்ளவர்கள் முன்பக்கம் விழுந்துவிடுவார்கள் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு. சுவரின் சாய்மானம் அப்படி, அநேகமாக எல்லோருமே விழுவார்கள். “உங்க ரெண்டு பேரையும் நிறுத்திப் பார்க்கப் போறேன்” என்று குரூப்பில் எழுதினேன். எழுதின மறுநாள்தான் ஓட்டெடுப்பு வந்தது.

இதை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் இதோடு லோகு மாமாவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்கா புருஷன். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசியது “சாப்டாச்சா”, “அக்காகிட்டக் குடுக்கறேன்”, இவ்வளவுதான். அந்த மனிதர் போன வாரம் தானாகப் போன் செய்து, “என்னம்மிணி, படிப்பெல்லாம் எப்படிப் போகுது, முடிச்சுட்டு அங்கியே இருக்கற யோசனையா, இல்ல ஜெர்மனிப் பக்கம் வர்ற யோசனையா?” என்கிறார். ஜெர்மனிப் பக்கம் எனக்கென்ன? “ஏன் மாமா, உங்க கம்பெனியில சோஷியாலஜிக்கு ஆள் எடுக்கறாங்களா?” என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை, அதுவே ஒரு சாட்சியம். அப்புறம் புடவை. அக்கா சொன்னாள், “ஒரு சேலை எடுத்துக்கோ, அந்தக் கோட்டை முன்னால நின்னு போட்டோ எடுத்தா நல்லாருக்கும், அந்த மயில்கழுத்துப் பச்சை.” அக்டோபர் மாசக் குளிரில், கிராக்கோவின் வாவெல் கோட்டைக் குன்றின்மேல், காற்றில், மயில்கழுத்துப் பச்சை. “நீ கட்டுவியா?” என்றேன். “நான் எங்க கட்டறது, குழந்தைய வெச்சுட்டு.” ஆக, நான் மட்டும். அப்புறம் கிராக்கோவில் சாப்பாட்டு மேசை. இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு ஒரு சைவ ஓட்டலில் இடம் பிடிக்கச் சொன்னாள். மூன்று பேர், ஒரு குழந்தை. “ஏழு பேருக்குப் போடு” என்றாள். ஏன் ஏழு? “கொஞ்சம் விஸ்தாரமா உக்காரலாம்ல.” விஸ்தாரமாக உட்காருவதற்கு நாலு நாற்காலியா? நேற்று வகுப்பு முடிந்து வார்சாவின் பழைய நகரச் சதுக்கம் வழியாக நடந்து வந்தபோது இந்த ஏழையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே சுற்றுலா வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து “எவ்வளவு பழசு” என்கிறார்கள். பழசே இல்லை. போரில் தரைமட்டமான இடம் அது. பழைய ஓவியங்களையும் வரைபடங்களையும் பார்த்து ஜன்னல் ஜன்னலாக மறுபடி கட்டினார்கள். கட்டினவர்கள் அதை மறைக்கவில்லை, கேட்டால் சொல்கிறார்கள், பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தின்மேல் மரியாதை வந்ததே அதனால்தான். ஒன்றைப் போல இன்னொன்றைக் கட்டினால் கட்டினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஊர் சுற்றிப் பார்ப்பது என்று எழுதியிருக்கும், உள்ளே வேறு ஒன்று இருக்கும். ஒருவேளை நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா? மெஷின் தண்ணீரை இறக்கிவிட்டு நின்றது, செத்ததோ என்று பார்த்தேன், மறுபடி சுற்ற ஆரம்பித்தது. இல்லை. ஏழு பேர். வருகிற நாலு பேரில் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு மாப்பிள்ளைப் பையன், கூட ஒரு சித்தப்பாவோ தங்கச்சியோ. கணக்குச் சரியாக இருக்கிறது. பையன் ம்யூனிக்கில் இருக்கிறவனாக இருக்கலாம். போன தீபாவளியின்போது அம்மா ஒரு பேரை வாயில் போட்டு உடனே விழுங்கினார். நவநீதன். “பெருந்துறைக்காரங்க, ம்யூனிக்ல கார் கம்பெனில இருக்கறான், சும்மா சொன்னேன்.” சும்மா. எங்கள் வீட்டில் இந்த ஒரு சொல்லைத் தடை செய்தால் பாதி சதி நின்றுவிடும்.

எனக்கு எப்படி இவ்வளவு நிச்சயம் என்றால், நான் இதைப் பார்த்திருக்கிறேன், அதனால். ஈரோட்டில், ஒரு ஜவுளிக்கடையில், முதல் மாடி பட்டுப் பிரிவில். அப்போது நான் ஒன்பதாவது, அக்கா கல்லூரி கடைசி வருஷம். பெரியப்பா மகன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்று கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் வழக்கம், பெண்ணுக்குத் தெரியாமல் முதலில் ஒருதரம் பார்த்துவிடுவது. பொதுவாகக் கோயில். பண்ணாரியில் பார்ப்பார்கள், பச்சைமலையில் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்ததாகப் போய்விடலாம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, பெண்ணுக்கும் தெரியாது, நோகாது, பாவம். எவ்வளவு கரிசனம்! அக்காவுக்கு அன்றைக்குக் கோயில் தோதுப்படவில்லை, தீட்டு, அதனால் ஜவுளிக்கடை. வெள்ளை மெத்தையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், கடைக்காரர் புடவையை உதறி உதறி விரித்துக்கொண்டிருந்தார், புதுப்பட்டின் கஞ்சி வாசனை, ஏசி குளிர். பக்கத்து மெத்தையில் ஒரு குடும்பம். அவர்களும் புடவை பார்த்தார்கள், ஆனால் அந்த அம்மாள் விலைச்சீட்டைத் திருப்பவே இல்லை. புடவைக்கடையில் விலைச்சீட்டைப் பார்க்காத பொம்பளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த அம்மாளின் கண் அக்காவின் பாதத்தில் இருந்தது. அப்புறம் முழங்கையில். அப்புறம் அக்கா எழுந்து, கண்ணாடிமுன் ஒரு புடவையைத் தோளில் போட்டுத் திரும்பி, “இது மாரியம்மன் தேர்ச்சீலை மாதிரி இருக்குதுங்க” என்று கடைக்காரரிடம் சொல்லி, அவளுடைய அந்த எருமைச் சிரிப்பைச் சிரித்தபோது, அந்தப் பக்கத்து மெத்தையில் ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கவில்லை. அவர்தான் லோகு மாமா. ஒரு வாரம் கழித்து அவளிடம் சொன்னார்கள், “மாப்பிள்ளை வீட்டுக்கு உன்னயப் புடிச்சுப்போச்சு” என்று. எங்கே பார்த்தார்கள் என்று கேட்டாள். சொன்னார்கள். அக்கா அழவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, “நான் அன்னிக்குத் தலைகூட ஒழுங்கா வாரல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல” என்றாள். அவ்வளவுதான். சம்மதித்தாள், கல்யாணம் நடந்தது, பெர்லின் போனாள், மாமா கெட்டவர் இல்லை, அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், அவர்மேல் எழுதுவதற்கு என்னிடம் ஒரு குற்றப்பத்திரிகையும் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அப்புறம் அவள் சிரித்து நான் கேட்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறாள். அப்படிப்பட்டவள் எனக்கு இதைச் செய்வாளா? உலகத்தில் வேறு எவர் செய்தாலும் இவள் செய்வாளா? மற்றதெல்லாம் விடு, தோருன், புடவை, ஏழு நாற்காலி. நவநீதன் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், நாலு வார்த்தையில் அவனை வாதத்தில் கவிழ்த்துவிடுவேன். பயம் அவனைப் பற்றி இல்லை. கிராக்கோவில் ஒரு பழைய துணி மண்டபம் இருக்கிறது, ஊர் நடுவில், நூற்றாண்டுக்கணக்காகத் துணி விற்ற மண்டபம், இப்போது பொம்மையும் மணியும் விற்கிறார்கள். அதன் வளைவுக்குக் கீழே அக்கா என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவாள், நான் எதையாவது பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன், எதிரே நாலு பேர் வந்து, “அட, லோகு! நீங்க எங்க இங்க?” என்பார்கள். நான் திரும்பி அக்கா முகத்தைப் பார்ப்பேன். அந்த முகத்தில் ஆச்சரியம் இருக்கும், பழகி வைத்திருந்த ஆச்சரியம். அதுதான். அதற்கப்புறம் எனக்கு அக்கா என்று யாரும் இருக்கமாட்டார்கள், அக்கா மாதிரி கட்டிவைத்த ஒன்று இருக்கும்.

கதவு திறந்தது. மூன்றாம் மாடி ஹலினா, துணிமூட்டையோடு. இவள்மேலும் எனக்குப் போன வாரத்திலிருந்தே ஒரு கண். இருக்கிற ஒரே மெஷின் ஓடுகிறதா, எவ்வளவு நேரம் ஆகும் என்று எட்டிப் பார்த்தாள், பார்த்த விதமே சரியில்லை, பழக்கப்பட்ட கை. “இன்னும் முடியவில்லை” என்றேன், கொஞ்சம் உரக்கவே. “தெரிகிறது” என்றாள். எனக்கிருந்த எரிச்சலில், அவளுக்கும் எனக்கும் பொதுவான அந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேவிட்டேன், போன சனிக்கிழமை என் துணியை எடுத்து வெளியே வைத்தது நீயா? அவள் மறுப்பாள், நான் சாட்சியங்களை வரிசையாக வைப்பேன், அன்று மெஷினுக்குள் சுற்றிய பச்சைக் காலுறை, அதே பச்சைக் காலுறை இப்போது அவள் மூட்டையில் எட்டிப்பார்க்கிறது, எல்லாம் தயாராக வைத்திருந்தேன். “ஆமாம், நான்தான்” என்றாள். “நின்று ரொம்ப நேரமாகியும் நீ வரவில்லை. எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது.” மூட்டையை இறக்கிவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள், போனை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு வாரமாக ஒவ்வொரு படிக்கட்டிலும் அந்தக் காலுறைக்காக ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டு திரிந்தேன், கேட்டிருந்தால் படியிலேயே முடிந்திருக்கும். கோபம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை, பொறாமைதான் வந்தது. ஆமாம் நான்தான். இப்படி ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் எவர் வாயிலிருந்தாவது வந்திருக்கிறதா? வந்ததில்லை என்பது சரி. ஆனால் நான் கேட்டிருக்கிறேனா? ஏழு எதற்கு என்று கேட்டேன், புடவை எதற்கு என்று கேட்டேன், தோருனை ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டேன். ஓரமாக ஓரமாகக் கேட்டேன். பதில் ஓரமாக வந்தது. நேராகக் கேட்டால், ஒன்று, பொய் சொல்வாள், இரண்டு, நிஜம் சொல்வாள். இரண்டுமே எனக்கு வேண்டாம். அதனால்தான் துப்பறிந்துகொண்டிருக்கிறேன், துப்பறிகிறவரைக்கும் ஒன்றும் உறுதி இல்லையே. மெஷின் வேகம் பிடித்துத் தரையே அதிர்ந்தது. அந்த அதிர்வில் கட்டைவிரல் தானாக அடித்தது என்று சொன்னால் பொய், நான்தான் அடித்தேன், குரூப்பில் இல்லாமல் அக்காவுக்குத் தனியாக. “கிராக்கோவுக்கு என்னயப் பொண்ணு பாக்க வர்றாங்களா?” அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டாள். அம்மாவுக்குப் போன் போடுகிறாளா? மாமாவைக் கூப்பிடுகிறாளா? மூன்று பேரும் சேர்ந்து இன்னொரு குரூப்பில், நான் இல்லாத குரூப்பில், என்ன சொல்லலாம் என்று அங்கேயும் ஒரு ஓட்டெடுப்பு நடத்துகிறார்களா?

போன் அடித்தது. அக்கா. பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். குளியலறைக்குள் நின்று பேசுகிறாள் என்று புரிந்தது. “ஆமா” என்றாள். இவ்வளவு நேராக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் நின்றுவிடவும் முடியவில்லை. “யாரு, அந்த நவநீதனா? அப்பா அம்மாவோடயா? துணி மண்டபத்துலதான வெச்சிருந்தீங்க? என்ன வசனம் சொல்லறதா இருந்துது? ‘அட நீங்களா’வா? ஈரோட்டுல உனக்குப் பண்ணினத எனக்குப் பண்ண உனக்கு எப்படிக்கா மனசு வந்துது? நீ அன்னிக்குத் தட்டைத் தள்ளி வெச்சியே, அது மறந்துபோச்சா? அந்தப் பொம்பளை உன்ற காலப் பாத்துட்டு இருந்துச்சு, நான் பாத்தேன், எனக்கே இன்னும் மறக்கல...” ஹலினா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். “முடிச்சுட்டியா?” என்றாள் அக்கா. “இன்னும் இல்ல.” “சரி, பேசு.” தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “மறந்துபோச்சான்னு என்னயக் கேக்கறியா இந்து?” என்றாள். “அம்மா ஆரம்பிச்சாங்க. மாமா சரின்னாரு. அதுக்குத்தான் லீவு போட்டாரு, அதுக்குத்தான் இந்த டூரே. இல்லாட்டி உன்னயப் பாக்கறதுக்குன்னு நாலு நாளு அவரு கெளம்பி வருவாருன்னு நெனைக்கறியா? இதுக்கு முன்னால நான் கேக்காம இருந்தேன்னு நெனைக்கறியா? குழந்த பொறந்ததுலருந்து இந்த வீட்டையும் எதுத்தாப்புல இருக்கற சூப்பர்மார்க்கெட்டையும் தவிர நான் ஒண்ணும் பாக்கல. தினமும் சொல்லிரலாம்னு போனை எடுப்பேன். சொன்னா நீ வரமாட்ட. நீ வரலைன்னா டூர் இல்ல. டூர் இல்லைன்னா...” குரல் அங்கேயே அறுந்தது. கிராக்கோவில் மணிக்கொரு தரம் கோபுரத்தில் நின்று எக்காளம் ஊதுவார்கள், பாதியில் சட்டென்று நிறுத்திவிடுவார்கள், ஊதினவன் தொண்டையில் அந்தக் காலத்தில் அம்பு பாய்ந்தது என்று கதை. அதை அக்காவுக்குக் கேட்கவைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். எனக்குக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். போகவில்லை. இவள் என்னை விற்றிருக்கிறாள், நாலு நாள் லீவுக்கு விற்றிருக்கிறாள், அதற்கு ஒரு வக்கீலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் விற்றவளும் குளியலறையில் நின்று குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது என்பதை எந்தப் பக்கத்தில் வைப்பது? இதுவும் ஒரு தந்திரமோ, என்னை இளக வைக்கிற ஏற்பாடோ? அந்தச் சந்தேகமும் வந்தது, மறைக்கவில்லை. அதை அப்படியே ஓரத்தில் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன். “அவங்களை வர வேண்டாம்னு சொல்லு.” “சொன்னா மாமா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருவாரு.” “பண்ணட்டும். அவருதை மட்டும் பண்ணட்டும். நீ வா. நீயும் நிலனும். என்ற ரூம்ல படுத்துக்கலாம், எந்த ஊரும் பாக்க வேண்டாம், வா.” “ஒத்தையாவா?” என்றாள். வெளிநாட்டுக்கு வந்தபிறகும் தனியாக ஒரு டிராமில் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போகாதவள். “ஒத்தையாத்தான்.” உள்ளே எங்கோ குழந்தை அழுதது, மாமா குரல் “மோகனா” என்று கூப்பிட்டது. தண்ணீர் நின்றது. போன் அறுந்தது. மெஷின் ஓய்ந்து, கதவு டிக்கென்று விட்டுக்கொடுத்தது. எழுந்து துணியை அள்ளிக் கூடையில் போட்டேன், ஹலினாவுக்கு இடம் விட்டேன், ஆனால் அறைக்குப் போகவில்லை. ஈரக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியிலேயே நின்றேன், மேலே போனால் சிக்னல் நன்றாக இருக்கும் என்று தெரிந்தும் நின்றேன். அம்மாவிடம் சொல்லிவிட்டாள், இதோ அம்மாவின் போன் வரப்போகிறது. மாமாவிடம் சொல்லிவிட்டாள், இதோ “என்னம்மிணி” என்று வரப்போகிறது. இல்லை, யாரிடமும் சொல்லவில்லை, குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டாள், நாளைக்குப் புடவைக்கு மேட்சாக என்ன கம்மல் என்று கேட்பாள். அக்கா டைப் செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. கடைசியில் வந்தது. “கைக்குழந்தையோட வர்றதுக்கு எந்த ரயிலு தோது?”